ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த பெண்கள்

சிறுநீரை எங்கள் பக்கத்தில் சலம் என்போம். ஆய்வுக்கு வந்தவர்கள் சொன்னபடியே என்னுடைய சலத்தை நான் கொடுத்தேன். விடிய எழும்பியதும் முதலில் போகிற சலம் வேண்டும் என்றார்கள். அதைத்தான் போத்தலில் பிடித்து, மூடியை இறுக்கி, அவர்கள் தந்துவிட்டுப் போன ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். எங்கள் ஒழுங்கையில் எண்ணெய் அடிக்கிறவர்களின் மனைவிமார் எல்லோரும் அப்படித்தான் கொடுத்தோம். நாங்கள் ஒழுங்காகக் கொடுத்தது எங்கள் ஆண்களுக்கு எதிராகப் போகும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

எண்ணெய் என்றால் சமையல் எண்ணெய் இல்லை. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து, களைமருந்து எல்லாவற்றுக்கும் இங்கே எண்ணெய் என்றுதான் பெயர். என் கணவர் கூலிக்கு எண்ணெய் அடிக்கிறவர். கல்முனையிலிருந்து உள்ளே போனால் சொறிக்கல்முனை வரைக்கும் வயல்தான். அந்த வயல்களின் சொந்தக்காரரான போடிமார் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். தெளிகருவியை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்குவார். காற்று திரும்பினால் பனிப்புகார் போல முகத்தில் படியும். தாங்கியின் மூடி சரியாக இறுகாது. முதுகு நனையும், சாரன் நனையும். மூக்கை ஒரு துவாயால் கட்டியிருப்பார். அந்தத் துவாயும் நனையும்.

சில வருடங்களாக அவருடைய கை நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் பீரிசில் சத்தம் கேட்கும். கேட்டால் சிரிப்பார்.

"உள்ளுக்குள்ள ஆரோ ரபான் அடிக்கான் புள்ள. கலியாண வீடாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்துவிட்டு வருகிற நாட்களில் தலையிடி வரும், சத்தி எடுப்பார், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி என்பார். காரணம் கேட்டால் பனி என்பார், வெயில் என்பார், வயது என்பார். எண்ணெய் என்று மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் விட வேண்டும். எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. எங்கள் மகளின் வீடு இன்னும் கூரை ஏறவில்லை.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தோடு கதைத்து, எண்ணெய் அடிக்கிற ஆட்களைத் திரட்டினார்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டியான் பூச்சிக்கு அடிக்கிற ஒரு எண்ணெயை வைத்திருப்பதா, நிறுத்துவதா என்று மேலே ஒரு குழு முடிவெடுக்கப் போகிறதாம். அதற்கு அந்த எண்ணெய் மனிதர்களுடைய உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து சொல்ல வேண்டுமாம். மனுசனை அளந்து சட்டம் போடுவது நல்ல விசயம்தானே என்று நினைத்தேன். இத்தனை வருடமும் பூச்சி சாகுதா என்றுதான் பார்த்தார்கள். அடிக்கிறவன் சாகிறானா என்று ஒருவனும் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் அவரைப் பிடித்தேன்.

"மச்சான், இதுல உங்கட உடம்புல இரிக்கெண்டு வந்தா விட்டிரணும்."

"வந்தாத்தானே."

"வந்தா?"

"வந்தா மெசின இறக்கி வெச்சிருவன். அல்லாஹ் மேல சத்தியமா. நீ இனி வாயப் பொத்து."

அவர் சத்தியம் பண்ணினால் மாற மாட்டார். அதனால் அந்தச் சோதனை எனக்கு ஊருக்கான சட்டம் இல்லை. என் மனுசனை வயலிலிருந்து ஏற்றுகிற கயிறு.

வீடு வீடாகப் போத்தல் கொண்டு வந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. சொறிக்கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. தகப்பனும் வயல்காரர்தான். நல்ல வாய். என் கணவருக்கு ஒரு போத்தலும் எனக்கு ஒரு போத்தலும் தந்தாள்.

"எனக்கெதுக்கு புள்ள? நான் எண்ணெ அடிக்கிறல்லயே."

"அதுக்காகத்தான் அக்கா உங்கள எடுக்கிறம். ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே சோறு. அவர் அடிக்கிறார், நீங்க அடிக்கிறல்ல. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் எண்ணெயால எவ்வளவு ஏறியிருக்கெண்டு விளங்கும்."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"கேட்டீங்களா, நான் சுத்தமான ஆளாம். நீங்கதான் ஊத்தை."

"அப்ப சுத்தமான ஆள் போய்த் தேத்தண்ணி ஊத்துங்க," என்றார். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எண்ணெய் அடித்த நாளுக்கு அடுத்த நாள் காலைச் சலம் வேண்டும். முந்தின நாள் அவர் வயலுக்குப் போய் அடித்துவிட்டு வந்தார். நனைந்த சாரனையும் சேர்ட்டையும் கிணற்றடியில் போட்டார். நான் வழமை போல அதைச் சவர்க்காரம் போட்டுக் காலால் மிதித்து, கையால் கும்மி, அலசிக் காயப் போட்டேன். உடுப்பில் அந்த வாடை கிடந்தால் அவருக்குத் தொழ மனம் வராது.

அடுத்த நாள் விடியற்காலைத் தொழுகைக்கு, சுபஹுக்கு, பாங்கு சொன்னதும் எழும்பினோம். நான் வீட்டில்தான் தொழுகிறவள். போத்தலை எடுத்துக்கொண்டு போய் என் வேலையை முடித்தேன். அவர் சாரனைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"மச்சான், உங்கட போத்தல்?"

"தொழப்போற நேரத்துல நஜீசக் கையில ஏந்தச் சொல்றியா? வந்து பாப்பம்."

நஜீஸ் என்றால் தொழுகைக்கு ஆகாத அசுத்தம். சலம் நஜீஸ். ஒரு சொட்டு உடுப்பில் தெறித்தாலும் கழுவாமல் தொழ முடியாது. அதனால் அந்த நேரத்தில் ஒரு ஆணும் போத்தலைத் தொடவில்லை. எல்லோரும் எழும்பினபடியே பள்ளிவாசலுக்குப் போவார்கள். பள்ளியின் பின்பக்கத்தில் கழிவறை வரிசை இருக்கிறது. அங்கேயே போய், அங்கேயே கழுவி, தொழுகைக்கு முகம் கை கால் கழுவி வுழு எடுத்து, தொழுது, பிறகு சந்தித் தேத்தண்ணிக் கடையில் குந்துவார்கள். சிறு வயதிலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் அப்படித்தான். வெயில் ஏறி வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, போத்தலை நிரப்பித் தந்தார். பொய் சொல்லவில்லை. வீட்டில் அன்றைக்குப் போன முதல் சலம் அதுதான். அந்த நேரம் எனக்கும் அது ஒரு பிழையாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முடிவு சொல்ல மாதக்கணக்கு எடுத்தார்கள். பள்ளி மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் முன்னால், நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம். ஆய்வுக்காரர்களின் பெரியவர் சிங்களத்தில் கதைத்தார். இன்னொருவர் தமிழில் சொன்னார். சுவரில் படம் காட்டினார்கள். எண்ணெய் அடிக்கிறவர்களுக்கு ஒரு கம்பம், அடிக்காதவர்களுக்கு ஒரு கம்பம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"அடிப்பவர்களுக்கும் அடிக்காதவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை," என்றார் தமிழில் சொன்னவர்.

ஒருவர் எழும்பி, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். அவர் திருப்பியும் அதையே சொன்னார். பள்ளித் தலைவர் மைக்கை வாங்கினார்.

"அல்ஹம்துலில்லாஹ். நம்மட ஆக்களுக்கு ஒண்டும் இல்லயாம். பயப்படத் தேவல்ல. சாப்பாடு இரிக்கி, எல்லாரும் இரிந்து சாப்பிட்டுப் போங்க."

ஆய்வுக்காரர் அப்படிச் சொல்லவில்லை. வித்தியாசம் இல்லை என்பது வேறு, ஒன்றும் இல்லை என்பது வேறு. ஆனால் பெரியவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். தமிழில் சொன்னவரும் திருத்தவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம்.

நான் விடவில்லை. வாசலில் பெரியவரை மறித்து, என் கணவருடைய கணக்கைத் தனியாகத் தாருங்கள் என்று கேட்டேன். ஆளாளுக்கு முடிவு கொடுக்கிற வழக்கம் இல்லை, இது எல்லோரையும் சேர்த்துப் பார்ப்பது என்று தமிழில் சொன்னவரிடம் சொல்லச் சொன்னார். எங்களிடம் ஆளாளுக்குத்தானே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அதை யாரும் சிங்களத்தில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ராசா மாதிரி நடந்தார்.

"பாத்தியா புள்ள? ஒனக்கும் எனக்கும் ஒரே அளவாம். அப்ப நீயும் நாளைக்கு ஒரு மெசினத் தூக்கு."

"கை நடுங்குறது?"

"அது பரம்பரை. எங்கட வாப்பாக்கும் நடுங்கின."

அவருடைய வாப்பாவும் எண்ணெய் அடித்தவர்தான்.

அந்தப் போகம் அவர் முன்னையை விடக் கூடுதலாக வயலுக்குப் போனார். துவாய் கட்டுவதையும் விட்டார். என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அவனும் போத்தல் கொடுத்தவன். அவனுடைய மனைவியும் கொடுத்தவள்.

சில மாதம் கழித்து அந்தத் தமிழ்ப் பிள்ளை வந்தாள். ஆய்வுக்கு உதவியவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்கிறார்களாம். பின்னேரத் தொழுகையான அஸர் நேரம். தேத்தண்ணி கொடுத்தேன். பாங்கு கேட்டதும் அவர் எழும்பி வெளிக்கிட்டார்.

"கிணத்தடிக்குப் போகாமப் போறாரே, கை கால் கழுவுறல்லயா?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் பள்ளியிலதான் புள்ள. சலம் போறது, கழுவுறது, எல்லாம் அங்கதான். இவங்களுக்கு வீடு திங்கவும் படுக்கவுந்தான்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா, விடியக் காலையிலயும் அப்பிடியா?"

"ஓம். எழும்பினதும் ஓட்டந்தான்."

"அப்ப போத்தல்ல தந்தது?"

"பள்ளியால வந்து, தேத்தண்ணியெல்லாம் குடிச்சிப்போட்டு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐயோ அக்கா. ராவுல சேர்ந்தது எல்லாம் முதல் சலத்துலதான் கிடக்கும். அது பள்ளியில போயிட்டு. நாங்க எடுத்தது ரெண்டாவது, தண்ணி கலந்தது. உங்கட?"

"என்ட முதலாவதுதான். நீ சொன்ன மாதிரித்தானே குடுத்த."

ஆண்களுடையது தண்ணீர் போல ஐதான இரண்டாவது சலம். எங்களுடையது இரவு முழுக்கச் சேர்ந்த முதல் சலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் வித்தியாசமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் கெட்டிக்காரிதான், ஆனால் சுபஹுக்கு ஆண்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் தெரியாது. கேட்டிருந்தால் எந்தப் பொடியனும் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

அவள் கிணற்றடியைப் பார்த்தாள். அங்கே தண்ணீர்ப் பேசினில் அவருடைய சாரன் ஊறிக்கொண்டு கிடந்தது.

"அக்கா, எண்ணெ அடிச்ச உடுப்ப ஆரு கழுவுற?"

"ஆரு கழுவுற? ஒங்கட பெரியவரா வந்து கழுவுறார்?"

அவள் கிட்ட வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும் எனக்கு. சவர்க்காரத் தூள் என்று நினைத்திருந்தேன். தலையிடி வரும். வெயில் என்று நினைத்திருந்தேன். நானும் அவரைப் போலத்தான். அவருக்கு எண்ணெய் முதுகால் ஏறுகிறது, எனக்குக் கையால் ஏறுகிறது. சுத்தமான ஆள் என்று என்னை எடுத்தார்கள். என் பக்கத்தில் அவரை நிறுத்தி, அவரையும் சுத்தம் என்றார்கள்.

அவள் அங்கேயே இருந்து பெரியவருக்குக் கோல் எடுத்தாள். இங்கிலீசும் சிங்களமும் கலந்து கதைத்தாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு வெறும் "ஓம் சேர்". வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அறிக்கை மேல போயிட்டாம் அக்கா. ஒரு குறிப்புச் சேர்க்கலாமாம்."

"குறிப்பு என்னத்துக்கு? திருப்பி எடுங்க. நாளைக்கே எடுங்க. நான் இவர வாசல்ல மறிச்சி வெச்சி எடுத்துத் தாறன்."

"ஆய்வுக் காலம் முடிஞ்சு அக்கா."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் திரும்பி வந்து கேட்டதால்தான் எனக்கு இதாவது தெரியும். கோபம் மற்றவர்கள் மேல். எங்கள் உடம்பிலிருந்து வந்ததை எடுத்து, எங்களை ஒரு சொல் கேட்காமல், அதை வைத்து எங்களுக்கு முடிவு சொன்னவர்கள் மேல். பிழை என்று தெரிந்த பிறகும் குறிப்புப் போடலாம் என்கிறவர்கள் மேல். அந்த எண்ணெய் இன்றைக்கும் கடையில் அடுக்கிக் கிடக்கிறது.

அவர் தொழுதுவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு துண்டாக, விளங்குகிற மாதிரிச் சொன்னேன்.

"ரெண்டாவதெண்டாலும் என்ட சலந்தானே? தேத்தண்ணிக் கடைக்காரன்ட சலமா?"

"மச்சான், பகிடி விடாதீங்க. சத்தியம் பண்ணின நீங்க."

"வந்தா விடுறனெண்டு பண்ணின. வரல்லயே. கொழும்புல மெசின் வெச்சிப் பாத்தவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியா. அந்தப் புள்ளைக்குத் தெரியும்."

"அந்தப் புள்ள போத்தல் தூக்குற புள்ள."

அதோடு முடிந்தது. கூட்டத்தில் பெரியவர்கள் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். மகளுடைய வீட்டுக் கூரையையும் பிடித்துக்கொண்டார். என்னுடைய சொல்லுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. கையுறை அலுமாரியில் கிடந்தது. கை வேர்க்கிறது என்றார்.

போன பெரும்போகத்தில் கதிர் வருகிற நேரம் அறக்கொட்டியான் விழுந்தது. போடிமார் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடினார்கள். அவரும் தம்பியும் ஒவ்வொரு நாளும் போனார்கள். ஒரு நாள் பகல், சோறு வடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டோக்காரர் வாசலில் நின்று கத்தினார். உங்கள் மனுசன் வயலில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வருகிறேன், ஏறுங்கள் என்றார்.

நான் போனபோது அவருடைய வாயால் நுரையும் எச்சிலும் வடிந்துகொண்டிருந்தது. உடம்பு முழுக்க வேர்வை. தொடைச் சதை தானாகத் துடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கண் திறந்தார். கண்ணின் கருமணி ஊசி முனையளவு சிறுத்துக் கிடந்தது. என்னைத் தெரியவில்லை.

டொக்டர் சின்ன வயது. விறுவிறென்று ஊசி ஏற்றினார். மூச்சுக்கு மூக்கில் குழாய் போட்டார். உடுப்பை வெட்டிக் கழற்றி உடம்பைக் கழுவச் சொன்னார். கொஞ்சம் அடங்கியதும் நான் போய்க் கேட்டேன்.

"டொக்டர், இது எண்ணெதானா?"

"வேற என்னம்மா?"

"அளந்து பாத்தீங்களா?"

"அளக்கத் தேவையில்ல. கண்ணப் பாத்தாலே விளங்குது."

"அளந்து எழுதித் தருவீங்களா? கொழும்புல குழுவுக்குக் குடுக்கணும்."

அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். "அந்தச் சோதனை இஞ்ச இல்லம்மா. இருந்தாலும் அவர் பிழைக்கிறதுதான் இப்ப முக்கியம்," என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அளந்தவர்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். இருக்கிறது என்று சொல்பவர் அளக்கவில்லை. அளக்காதது அந்தக் குழுவின் மேசைக்குப் போகாது.

ஊசியின் வேகத்தில் அவர் பிதற்றினார். முகம் சிவந்து, நாக்கு உலர்ந்து, இல்லாத ஆட்களோடு கதைத்தார். அஸர் கடந்துதான் என்னை அடையாளம் கண்டார். குழாயைக் கழற்றியிருந்தார்கள். குரல் வரவில்லை. வாயருகே காதை வைத்தேன்.

"இறக்கி வெச்சிட்டன் புள்ள," என்றார்.

சத்தியத்தைத்தான் சொன்னார். நான் அழுதேன். பிழைப்பாரா என்று தெரியாத மனுசன், இதைச் சொல்ல மூச்சைச் செலவழிக்கிறார்.

அந்த நேரத்தில் என் தம்பி வார்டுக்குள் வந்தான். அவன்தான் அவரைச் சேற்றிலிருந்து தூக்கி ஓட்டோவில் ஏற்றியவன். அதற்குப் பிறகு இவ்வளவு நேரமும் அவனைக் காணவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் அந்த வாடை அடித்தது. தாதி மூக்கைச் சுழித்தாள்.

"இவரக் கழுவல்லயா இன்னும்?" என்று கேட்டாள்.

"கழுவின மிஸ். இது இவர் இல்ல," என்றேன். தம்பியின் கையைப் பிடித்து வெளி விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனுடைய முதுகு ஈரமாக இருந்தது.

"எங்கடா இரிந்த இவ்வளவு நேரமும்?"

"மச்சான்ட தாங்கியில பாதி கிடந்திச்சி ராத்தா. வாளியிலயும் கலந்து வெச்சிருந்த. கலந்த எண்ணெய நாளைக்கு வெக்கேலாது. கொட்டினா போடியார் ஏசுவார். அடிச்சி முடிச்சிப்போட்டு வாறன்."

"மச்சான் விழுந்த வரம்புல நிண்டா அடிச்ச?"

"அவருக்கு வெறும் வயிறு ராத்தா. நான் சாப்பிட்டுத்தானே போன. சோதனையிலயும் ஒண்டும் இல்லயெண்டுதானே சொன்னாங்க."

அடிக்கக் கை ஓங்கினேன். கை இறங்கவில்லை. அவனுடைய கண்ணைப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்த விறாந்தை. அங்கேயும் கருமணி சிறுத்துத்தான் இருந்தது.

"கழட்டு," என்றேன்.

"இஞ்சயா? வீட்ட போய்க் கழட்டுறன். என்ட பொண்டாட்டி கழுவுவா."

"அவ கழுவத் தேவல்ல. கழட்டுடா!"

கணவருக்கென்று கொண்டுவந்த வெள்ளைச் சாரனை அவன் மேல் எறிந்தேன். கழிவறையில் போய் மாற்றிக்கொண்டு, உடம்பைக் கழுவி வந்தான். பிடரியைப் பிடித்து டொக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். இவனையும் பாருங்கள் என்றேன். டொக்டர் அவனுடைய கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

அவனுடைய ஈர உடுப்பை ஒரு சொப்பிங் பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டேன். தாதியிடம் நீட்டினேன். இங்கே வைக்க ஏலாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள் என்றாள். ஆருடைய கையால் கழுவ என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்கவும் மனம் வரவில்லை. பையின் அடியில் ஈரம் கசிந்து என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.